செங்கல் பொடி என்று மண்ணை இறக்குகிறார்கள்: லோடை இறக்கும் முன் சோதியுங்கள்

பூச்சுக் கலவையில் மணலுக்கோ சிமென்ட்டில் ஒரு பங்குக்கோ பதிலாகச் சேர்க்க, இடித்த கட்டடங்களின் செங்கல்லை அரைத்து விற்கும் ஒரு சப்ளையரிடம் பொடி வாங்கி மோசம் போயிருக்கிறோம். சாம்பிள் பையில் வந்தது சுத்தமான செங்கல் பொடி. லோடில் வந்ததோ செம்மண்ணும் ஜிப்சம் பூச்சுத் தூளும் கலந்த ஈரச் சரக்கு. பார்வைக்கு இரண்டும் ஒரே நிறம்தான். "இதைப் போட்டால் சிமென்ட் பாதி போதும்" என்ற பேச்சும் கூடவே வந்தது. அப்படிப் பேசுகிற யாரிடமும் வாங்காதீர்கள்.

அந்தப் பொடி போட்டுப் பூசிய சுவரைக் காய்ந்த பிறகு தேய்த்தால் கையோடு மாவாக வந்தது. ஈரம் தங்கும் அடிப்பகுதியில் உப்பு பூத்து, அதன்பின் பூச்சே உப்பிக்கொண்டு வெடித்தது. முதல் கோளாறுக்கு மண் காரணம், இரண்டாவதற்கு ஜிப்சம்.

மண்ணைக் கண்டுபிடிப்பது சுலபம். ஒரு கைப்பிடி பொடியில் கொஞ்சம் கொஞ்சமாக நீர் விட்டுப் பிசைந்து, சுமார் 3 மி.மீ. தடிமனுள்ள திரியாக உருட்டுங்கள். நன்றாகச் சுட்ட செங்கல்லின் பொடி உருளாது, துண்டு துண்டாக உடையும். திரி வழவழவென்று நீண்டால் சுடாத களிமண் கலந்திருக்கிறது. மணலை நீரோடு பாட்டிலில் குலுக்கி வைத்து, மேலே படிகிற வண்டலைப் பார்க்கும் பாட்டில் சோதனையை மட்டும் நம்பினால் ஏமாந்து போவீர்கள். நைசான செங்கல் பொடியும் வண்டலைப் போலவே கடைசியில் மேலே படியும்.

ஜிப்சம்தான் உண்மையில் ஆபத்தானது. அதிலுள்ள சல்பேட், சிமென்ட்டிலுள்ள அலுமினேட் என்ற சேர்மத்தோடும் நீரோடும் சேர்ந்து எட்ரிங்கைட் என்ற படிகமாக மாறும். இறுகிவிட்ட கலவைக்குள் அது வளரும்போது இடம் போதாமல் பூச்சைத் தள்ளி உடைக்கும். ஈரம் இருக்கும்வரை இது ஓயாது, மேலே பட்டி பார்த்து மூடிப் பயனில்லை. கழுவி எடுத்துவிடலாம் என்பார்கள். ஜிப்சம் ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 2 கிராம்தான் கரையும், எவ்வளவு கழுவுவது? ஜல்லியாக வாங்கும்போது நகத்தால் கீறினால் கோடு விழுகிற வெள்ளைத் துண்டுகளைக் கண்ணால் பொறுக்கலாம். அரைத்த பிறகு அதற்கு வழியில்லை, லேபில் சல்பேட் அளவு பார்த்தே ஆக வேண்டும். அதனால் பொடியாக வாங்குவதைவிடத் துண்டாக வாங்கி நீங்களே அரைப்பது மேல்.

எடைக்கு விற்கிறவர்கள் நனைத்து விற்பதும் உண்டு. செங்கல் தன் எடையில் 10 முதல் 20 சதவீதம் வரை நீரைக் குடித்துக்கொள்ளும், வெளியே சொட்டுக்கூடத் தெரியாது. 1 கிலோ சரக்கை இரும்புச் சட்டியில் போட்டு முழுக்க உலரும்வரை வறுத்து மறுபடி எடை போடுங்கள். 850 கிராம்தான் நின்றால் மீதி 150 கிராம் தண்ணீருக்குக் காசு கொடுத்திருக்கிறீர்கள்.

இனி அந்தப் பாதி சிமென்ட் கதை. பொடி சிமென்ட் அளவுக்கு நைசாக, 90 மைக்ரான் (0.09 மி.மீ.) சல்லடையில் இறங்குகிற மாதிரி இருந்தால்தான் சிமென்ட்டிலிருந்து வெளிவரும் சுண்ணாம்போடு வினைபுரியும். அப்போதும் சிமென்ட்டில் 10, மிஞ்சினால் 20 சதவீதத்துக்குப் பதிலாகத்தான் அதைச் சேர்க்கலாம். விரலிடுக்கில் நறநறத்தால் அது மணலுக்கு மாற்று, சிமென்ட்டுக்கு அல்ல. வினை மெதுவாக நடப்பதால் ஆரம்ப வலிமை குறைவாகவே வரும். 14 நாளாவது தண்ணீர் விட்டு ஈரம் காக்க வேண்டும். நல்ல பொடியையும் மூன்றே நாள் கியூரிங்கில் கெடுத்துவிடலாம்.

கான்கிரீட்டுக்குச் செங்கல் ஜல்லி என்றால் முந்தின நாளே ஊறப்போட்டு, மேற்பரப்பு நீர் வடிந்த பிறகு கலவையில் சேருங்கள். காய்ந்த ஜல்லி கலவை நீரை உறிஞ்சும், கலவை விறைக்கும், வேலையாள் இன்னொரு வாளி ஊற்றுவார், வலிமை அங்கேயே போகும். ஊறும்போது கரைந்து பிசுபிசுக்கிற துண்டுகள் அரைவேக்காட்டுச் செங்கல், அவற்றைத் தூக்கி எறியுங்கள். வங்கதேசத்தில் செங்கல் ஜல்லியில் கட்டடமே எழுப்புகிறார்கள், ஆனால் அதற்கென்று நன்றாக வெந்த செங்கல்லைத் தேர்ந்து உடைக்கிறார்கள். எந்தச் சுவரில் இருந்தது என்றே தெரியாத இடிபாட்டை நம்பித் தூணுக்கும் உத்தரத்துக்கும் போடாதீர்கள். தளத்துக்கு அடியில் போடும், கம்பி இல்லாத வெற்றுக் கான்கிரீட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வண்டி வந்ததும் மேலே, நடுவே, அடியே மூன்று இடத்திலும் அள்ளிச் சோதித்த பிறகே இறக்கச் சொல்லுங்கள். எங்களுக்கு வந்த லோடில் மேல் அடுக்கு மட்டும் சாம்பிளைப் போலவே இருந்தது. பில்லில் "ஜிப்சம், மண் கலக்காதது, உலர் எடை" என்று எழுதி வாங்குங்கள். எழுத மறுத்தால் வண்டியைத் திருப்பி அனுப்புங்கள்.