ரோக்வான் ஸ்மித்தா, டேரியஸ் லெனர்டா?

அமெரிக்கக் கால்பந்து லீக்கான NFL-இல் அணிகள் கல்லூரி வீரர்களை வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் நிகழ்வுதான் டிராஃப்ட். 2018 டிராஃப்டில் சிகாகோ பேர்ஸ் 8ஆவது இடத்தில் ஸ்மித்தை எடுத்தது, இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் 36ஆவது இடம் வரை காத்திருந்து லெனர்டை எடுத்தது. பேரே கேள்விப்படாத சின்னக் கல்லூரிப் பையன் என்று அன்று பலர் உதட்டைப் பிதுக்கினார்கள். அந்தப் பையன் முதல் சீசனிலேயே 163 டாக்கிள் (பந்தோடு ஓடுபவரைப் பிடித்து வீழ்த்துவது), 7 சாக் (பந்தை எறியும் குவாட்டர்பேக்கை எறியும் முன்பே வீழ்த்துவது) என்று வெளுத்து வாங்கி, ஆண்டின் சிறந்த புதுமுக டிஃபென்ஸ் (தடுப்பாட்ட) வீரர் விருதையும் தட்டிச் சென்றார். ஸ்மித்தோ ஒப்பந்தத் தகராறில் பயிற்சி முகாமுக்கே தாமதமாக வந்தவர், இருந்தும் 121 டாக்கிள், மோசமில்லை.

சம்பளத்துக்குக் கிடைத்த ஆட்டம் என்று பார்த்தால் அப்போது லெனர்ட்தான், சந்தேகமே இல்லை. ஆனால் முதுகுக் காயம் அவரை முடக்கியது, 2023 நவம்பரில் கோல்ட்ஸ் விடுவித்துவிட்டது. ஸ்மித் அதே ஆண்டு ஜனவரியில் வேறோர் அணியான பால்டிமோர் ரேவன்ஸுடன் 5 ஆண்டுக்கு 10 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டார்!