14 கணினிகளுக்கு ஒரே அச்சு: எம்எக்ஸ் ஸ்னாப்ஷாட், இரண்டு ஆண்டு அனுபவம்

எங்கள் பள்ளிக் கணினி ஆய்வகத்தில் இருக்கும் 14 மேசைக் கணினிகளும் பல கைகள் மாறி வந்தவை. முன்னாள் மாணவர்கள் கொடுத்தவை சில, அலுவலகங்கள் வேண்டாம் என்று ஒதுக்கியவை சில. ஒன்றில் 500 ஜிபி வன்தட்டு, அடுத்ததில் 120 ஜிபி எஸ்எஸ்டி. நினைவகம் மட்டும் எல்லாவற்றிலும் 4 ஜிபி. எம்எக்ஸ் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தை நிறுவி, தமிழ்99 விசைப்பலகை, எழுத்துருக்கள், பதினொன்றாம் வகுப்புக்கு சி++, பன்னிரண்டாம் வகுப்புக்குப் பைத்தான், லிப்ரே ஆபிஸ், கணிதத்துக்கு ஜியோஜீப்ரா, அச்சுப்பொறி என்று ஒவ்வொன்றாகச் சேர்த்து முடிக்கக் கணினி ஒன்றுக்கு அரை நாள் ஆகும். ஏழாவது கணினிக்கு வரும்போது முதல் கணினியில் என்னென்ன மாற்றினேன் என்பதே மறந்துபோயிருக்கும்.

இந்த வேலையைத்தான் எம்எக்ஸ் ஸ்னாப்ஷாட் என் தோளிலிருந்து இறக்கி வைத்தது. எம்எக்ஸ் லினக்ஸுடனேயே வரும் இலவசக் கருவி இது. ஓடிக்கொண்டிருக்கும் அமைப்பை, நாம் சேர்த்த மென்பொருள்களோடும் மாற்றங்களோடும், ஒரே ஐஎஸ்ஓ கோப்பாக (ஒரு வட்டின் உள்ளடக்கம் முழுவதும் அடங்கிய கோப்பு) சுருக்கித் தருகிறது. அந்தக் கோப்பைப் பென் டிரைவில் ஏற்றினால் நேரடியாகத் துவக்கிப் பார்க்கலாம். பிடித்திருந்தால் எந்தக் கணினியிலும் நிறுவலாம்.

முன்பு குளோன்ஸில்லா பயன்படுத்தினேன். தைவானின் தேசிய உயர்திறன் கணினி மையத்தில் உருவான அருமையான மென்பொருள். ஆனால் அது வட்டை அப்படியே படியெடுக்கிறது. இயல்பான அமைப்பில், படியை இறக்கும் வட்டு மூல வட்டின் அளவோ அதைவிடப் பெரிதாகவோ இருக்க வேண்டும். 500 ஜிபியில் எடுத்த படி 120 ஜிபியில் இறங்காது. ஒரே மாதிரிக் கணினிகள் வரிசையாக இருக்கும் இடத்துக்கு அது போதும். எங்களைப் போன்ற கதம்பத்துக்கு ஐஎஸ்ஓ வழியே பொருந்துகிறது. புதிதாக நிறுவுவதால் வட்டின் அளவும் வன்பொருளும் வேறுபட்டாலும் சிக்கல் இல்லை.

கருவியைத் திறந்ததும், எவ்வளவு இடம் நிரம்பியிருக்கிறது, எவ்வளவு காலியாக இருக்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறது. அடுத்து வரும் கேள்விதான் முக்கியமானது: கணக்குகளை அப்படியே வைத்துக்கொள்வதா, மீட்டமைப்பதா? முதலாவது உங்கள் சொந்தக் கணினிக்கான காப்பு. கடவுச்சொல், கோப்புகள், எல்லாமே உள்ளே போகும். இரண்டாவது பிறருக்குக் கொடுப்பதற்கு. அதில் உங்கள் பயனர் கணக்கு நீங்கி, டெமோ என்ற பொதுக் கணக்கு மட்டும் இருக்கும். ஆய்வகத்துக்கு இரண்டாவதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

முதல் முறை அப்படித்தான் செய்தேன். நிறுவி முடித்த கணினியில் உட்கார்ந்த பதினொன்றாம் வகுப்பு மாணவி, "டீச்சர், இதில் தமிழ் வரவில்லையே" என்றாள். எழுத்துருக்கள் இருந்தன, பல மொழிகளில் தட்டச்சிட உதவும் ஐபஸ் மென்பொருள் இருந்தது, தமிழ்99 தேர்வு மட்டும் இல்லை. காரணம் புரிய ஒரு மாலை முழுவதும் ஆனது. மென்பொருள்கள் அமைப்பின் பொது இடத்தில் இருக்கின்றன. எந்த விசைப்பலகை, எந்தப் பலகம், எந்தக் குறுக்குவிசை என்ற தேர்வுகளெல்லாம் என் வீட்டு அடைவின் (ஒவ்வொரு பயனருக்கும் உரிய சொந்தக் கோப்புறை) மறைகோப்புகளில் இருக்கின்றன. கணக்கை மீட்டமைக்கும்போது அந்த அடைவு படிக்குள் போகாது. போகவும் கூடாது.

இதற்கு லினக்ஸில் பழைய வழி ஒன்று உண்டு. அமைப்புக் கோப்புகள் இருக்கும் எட்ஸி அடைவுக்குள் ஸ்கெல் என்றொரு கோப்புறை இருக்கிறது. எலும்புக்கூட்டைக் குறிக்கும் ஸ்கெலிட்டன் என்ற ஆங்கிலச் சொல்லின் சுருக்கம் அது. புதிய பயனர் கணக்கு உருவாகும்போதெல்லாம் அதில் உள்ளவை அந்தப் பயனரின் வீட்டு அடைவுக்குப் படியெடுக்கப்படும். எல்லா மாணவர்களுக்கும் கிடைக்க வேண்டியதை, ஸ்னாப்ஷாட் எடுப்பதற்கு முன்பே அங்கே வைத்துவிட வேண்டும்.

இரண்டாம் முறை அவசரப்பட்டு என் வீட்டு அடைவின் மறைகோப்புகள் அனைத்தையும் ஸ்கெல்லுக்குள் கொட்டிவிட்டேன். தமிழ் வந்தது. சோதனைக்காகப் பென் டிரைவிலிருந்து துவக்கி ஃபயர்ஃபாக்ஸைத் திறந்தபோது, பள்ளியின் மின்னஞ்சல் கடவுச்சொல் கேட்காமலே திறந்துகொண்டது. கை நடுங்கிவிட்டது. அந்தப் படி 14 கணினிகளுக்கும் போயிருந்தால், மாணவர் பெயர்ப் பட்டியல் முதல் பெற்றோர் கைப்பேசி எண் வரை யார் கையிலும் கிடைத்திருக்கும். அன்று முதல் உலாவியின் கோப்புறையை ஸ்கெல் பக்கமே விடுவதில்லை. எக்ஸ்எஃப்சிஇ மேசையின் அமைப்புகள், ஐபஸ் தேர்வைத் தாங்கும் டிகான்ஃப் கோப்பு, உள்ளீட்டு முறையைச் சொல்லும் எக்ஸ்இன்புட்ஆர்சி ஆகிய மூன்றை மட்டும், ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்து எடுத்து வைக்கிறேன். சுவர்ப்படத்தையும் என் அடைவிலிருந்து பொது இடத்துக்கு மாற்ற வேண்டியிருந்தது. இல்லாவிட்டால் புதிய கணினி அங்கே இல்லாத, என் பெயர் கொண்ட ஒரு பாதையைத் தேடிக்கொண்டிருக்கும். வைஃபை கடவுச்சொல் வெளியே போக வேண்டாம் என்றால், ஸ்னாப்ஷாட் காட்டும் விலக்கும் பட்டியலில் நெட்வொர்க் என்பதையும் குறியிட மறக்காதீர்கள்.

சுருக்கும் முறையில் எக்ஸ்இசட் சிறிய கோப்பைத் தரும். ஆனால் எங்கள் பழைய செயலி அதற்குத் திணறுகிறது. இசட்எஸ்டிடி என்ற மற்றொரு முறையே போதும். கடைசியாக எடுத்த படி 3.4 ஜிபி, இருபது நிமிடத்துக்குச் சற்று மேல் ஆனது. படி 4 ஜிபியைத் தாண்டினால், எஃப்ஏடி32 வடிவில் உள்ள பென் டிரைவில் அதை ஒரு கோப்பாகச் சேமிக்க முடியாது என்பதை நினைவில் வையுங்கள். எம்டி5 சரிபார்ப்பு எண்ணையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒருமுறை பழைய டிரைவில் எடுத்துச் சென்ற கோப்பு சிதைந்திருந்ததை அந்த எண்தான் காட்டிக்கொடுத்தது.

குறைகளும் உண்டு. எம்எக்ஸ், அதன் உறவான ஆன்டிஎக்ஸ் ஆகிய லினக்ஸ் குடும்பத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கு இது அவ்வளவாகப் பயன்படாது. 64 பிட்டில் எடுத்த படி பழைய 32 பிட் கணினியில் ஓடாது. அன்றாடக் கோப்புகளுக்கான காப்பாகவும் இதை நம்ப வேண்டாம். மாணவர்களின் செய்முறைப் பயிற்சிகளை ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தனி வன்தட்டில் எடுத்து வைக்கிறேன். ஸ்கெல் வேலையை அறியாமல் மீட்டமைப்பைத் தேர்ந்தெடுக்கும் புதியவர் என்னைப் போலவே தடுமாறுவார். அந்தத் திரையிலேயே அதற்கென்று ஒரு விளக்கம் வைத்தால் எத்தனையோ ஆசிரியர்களின் மாலைநேரம் மிச்சமாகும்.

சென்ற கோடை விடுமுறையின் கடைசிச் சனிக்கிழமை, நான்கு பென் டிரைவ்களும் இரண்டு மாணவிகளும் நானும். காலை ஒன்பதரைக்குத் தொடங்கினோம். நிறுவும்போது கணினிக்குப் பெயர் கேட்கும் இடத்தில் ஆய்வகம் 1, ஆய்வகம் 2 என்று அவர்களே எண்ணிட்டுக்கொண்டு போனார்கள். நடுவே முக்கால் மணி நேரம் மின்சாரம் இல்லை. இரண்டு மணிக்குப் பதினான்காவது கணினியில் லிப்ரே ஆபிஸைத் திறந்து ஒருத்தி தன் பெயரைத் தமிழில் தட்டினாள். அது தடையில்லாமல் வந்தது.