இத்தாலி திருப்பயணம் போகிறவர்களுக்கு: நோட்டீஸில் ரோமுக்கு என்ன கிழமை போட்டிருக்கிறது என்று பாருங்கள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்திலிருந்து இத்தாலி திருப்பயணத்துக்கு முன்பணம் கட்டப் போகிறவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டுக் கட்டுங்கள். என் அம்மாவுக்கு நடந்தது இன்னொருவருக்கு நடக்கக் கூடாது. புகார் விசாரணையில் இருப்பதால் நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை.

அம்மா தேவகோட்டையில் முப்பது வருடம் டிராயிங் டீச்சராக இருந்தவர். கடவுளின் விரலும் ஆதாமின் விரலும் தொடப்போகிற அந்த ஓவியத்தை, ஒவ்வொரு வருடமும் கரும்பலகையில் சாக்பீஸால் வரைந்து காட்டுவார். "ஈரச் சுண்ணாம்புச் சாந்து மேல வர்ணம் ஏத்தணும். காயறதுக்குள்ள முடிச்சாகணும். தப்பாப் போச்சுன்னா கொத்தி எடுத்துட்டு மறுபடி பூசணும்" என்பார். சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் போட்டுச் சுவரை வழவழப்பாக்கிய வீடுகளுக்கு நடுவே வளர்ந்த பிள்ளைகளுக்கு அது சட்டென்று புரியும். அந்த ஓவியம் இருப்பது ரோமில், வத்திக்கானின் சிஸ்டைன் சிற்றாலயத்தில். மைக்கேலாஞ்சலோ 1508-இல் தொடங்கி 1512-இல் முடித்த அந்த விதானத்தை ஒருமுறை அண்ணாந்து பார்க்க வேண்டும் என்பதுதான் அம்மாவின் ஒரே ஆசை. வெனிஸ் படகெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை.

காரைக்குடியில் அந்த அலுவலகத்தில் உட்கார்ந்து இதை அப்படியே சொன்னேன். "அண்ணே, அது இல்லாம ரோம் எதுக்கு? மியூசியம், சிஸ்டைன் சிற்றாலயம், பேராலயம் மூணும் சேர்த்தி" என்றார் உரிமையாளர். நோட்டீஸிலும் 'நுழைவுக் கட்டணம் உட்பட' என்று அச்சடித்திருந்தது. ஆனாலும் மியூசியத்துக்கு வரிசையில் நிற்காத சிறப்புச் சீட்டு என்று தலைக்கு 8,500 ரூபாய் தனியாக வாங்கினார். ரசீதில் 'வத்திக்கான்' என்று மட்டும் எழுதிக் கொடுத்தார். நான் அதை அப்போது கேள்வி கேட்கவில்லை.

ரோமில் எங்களுக்குக் கிடைத்தது ஒரே நாள், ஞாயிறு. நண்பகலில் திருத்தந்தை ஜன்னலில் வந்து மூவேளை செபம் சொன்னார். குழுவில் பலர் வருடாவருடம் ஓரியூர் அருளானந்தர் திருவிழாவுக்குப் போகிறவர்கள்; கண்ணீர் விட்டார்கள், எனக்கும் உடம்பு சிலிர்த்தது. அதில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். அப்புறம் சோதனை வரிசையில் நின்று புனித பேதுரு பேராலயத்துக்குள் போனோம். முழங்கால் தெரிகிற உடையோடு விட மாட்டார்கள் என்று யாரும் சொல்லாததால், அரைக்கால்சட்டை போட்டிருந்த ஒரு பையனை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். உள்ளே, மகனை மடியில் கிடத்தியிருக்கும் மாதாவின் பளிங்குச் சிலையைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று அம்மா வெகுநேரம் பார்த்தார். தரையைக் குனிந்து தொட்டு, "நம்ம ஊர் வளவுல போட்டிருக்கிற பளிங்கு மாதிரியே இருக்குப்பா" என்றார்.

பிறகு, கூட வந்த மேலாளரிடம் சிஸ்டைனுக்கு எப்போது போகிறோம் என்று கேட்டார். அந்தத் தம்பி மேலே குவிமாடத்தைக் கை காட்டி, "இதுதான் ஆச்சி, மைக்கேலாஞ்சலோ. பார்த்துக்கங்க" என்றான்.

குவிமாடத்தை வடிவமைத்ததில் மைக்கேலாஞ்சலோவுக்குப் பங்கு உண்டு, அது உண்மை. ஆனால் அதன் உட்புறத்தில் இருப்பது சின்னச் சின்னக் கல்லாகப் பதித்த மொசைக். அம்மா அண்ணாந்து பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "தம்பி, இது மொசைக்குப்பா. நான் கேட்கிறது இது இல்லை." அவன் "எல்லாம் ஒண்ணுதான் ஆச்சி" என்று சொல்லிவிட்டுக் கொடியைத் தூக்கிக்கொண்டு நடந்தான். விவரம் தெரியாத எத்தனை பெரியவர்களிடம் இப்படிக் கை காட்டி அனுப்பியிருப்பார்களோ என்று நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

சிற்றாலயத்துக்குப் பேராலயத்திலிருந்து போக முடியாது. அது வத்திக்கான் அருங்காட்சியகப் பாதையின் கடைசியில் இருக்கிறது. அதன் வாசலுக்கு மதிலைச் சுற்றி நடக்க வேண்டும். அம்மாவைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு நானே கிளம்பினேன். சதுக்கத்தைத் தாண்டியதும் கழுத்தில் அட்டை மாட்டிய ஒருவர் வழிமறித்து, தலைக்கு 70 யூரோ கொடுத்தால் வரிசையே இல்லை என்றார். பணத்தை எடுக்கப் போன நேரத்தில்தான் அந்த வழியாக வந்த ஒரு கன்னியாஸ்திரி, தமிழ் கேட்டு நின்றார். நாகர்கோவில் பக்கத்துக்காரர். "இன்னைக்கு ஞாயிறு, மூடியிருக்கும். மாசத்துல கடைசி ஞாயிறு மட்டும்தான் திறப்பாங்க. அன்னைக்கு டிக்கெட்டே கிடையாது, பன்னிரண்டரைக்குள்ள நுழைஞ்சிடணும்" என்றார். எங்களுடையது இரண்டாம் ஞாயிறு. இருந்தாலும் அந்த வாசல் வரை நடந்தோம். மூடிய கதவுக்கு முன்னால் அம்மா கொஞ்ச நேரம் நின்றார். ஒன்றும் சொல்லவில்லை.

திங்கள் காலை ஏழு மணிக்கு அசிசிக்குப் பேருந்து. பாதி நாள் மட்டும் விடுங்கள், நாங்களே ரயிலில் வந்து சேர்ந்துகொள்கிறோம் என்று கெஞ்சினேன். விசா பொறுப்பு எங்களுடையது, விட முடியாது என்று மறுத்துவிட்டார்கள்.

ஊருக்கு வந்து சீட்டைக் காட்டச் சொன்னேன். இல்லை, எடுக்கவே இல்லை. பேராலயத்துக்குள் போக யாருக்கும் கட்டணம் கிடையாது. அருங்காட்சியகத்தின் சொந்தத் தளத்தில் நேரம் குறித்து எடுக்கும் சீட்டு 25 யூரோ, அதாவது ஏறக்குறைய 2,500 ரூபாய். 8,500 எதற்கு என்று கேட்டதற்கு, அடுத்த பயணத்தில் 3,000 தள்ளுபடி தருகிறோம் என்றார்கள். மூன்று குடும்பங்கள் சேர்ந்து சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறோம். கட்டிய பணம் 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் கொடுக்கலாம். அச்சடித்த நோட்டீஸும் ரசீதும்தான் எங்கள் பலம், அதனால் எதையும் தூக்கிப் போடாதீர்கள். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் கூப்பிட்டால் வழி சொல்கிறார்கள்.

பணம் கட்டும் முன்பே ரோமில் எந்தத் தேதி, என்ன கிழமை என்று கேட்டு வாங்குங்கள். ஞாயிறு தவிர, ஜூன் 29 போன்ற திருநாள்களிலும் மூடுவார்கள். 'வத்திக்கான்' என்று பொதுவாக எழுதினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். 'அருங்காட்சியகம், சிஸ்டைன்' என்று தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். நுழையும் நேரம் அச்சடித்த சீட்டின் நகலைக் கிளம்புவதற்கு முன்பே கேளுங்கள். கொடுக்கத் தயங்கினால் அங்கே கட்ட வேண்டாம்.

போன வாரம் பூசை முடிந்து வெளியே வந்தபோது அதே நிறுவனத்தின் புது நோட்டீஸைக் கையில் கொடுத்தார்கள். அதிலும் அருங்காட்சியகம் உட்பட என்றுதான் இருக்கிறது. ரோமுக்குப் போட்டிருக்கும் தேதியை நாட்காட்டியில் பார்த்தேன். அதுவும் இரண்டாம் ஞாயிறுதான்.