பல வருடமாக ஒரே டொமைன்: தனிப்பெயரும் டாட் இன்-னும்

மரபு அரிசி விற்கும் எங்கள் தளத்துக்கு டொமைன், அதாவது இணைய முகவரிப் பெயர், எடுத்துப் பல வருடங்கள் ஆகின்றன. புதிதாகக் கடை தொடங்குகிறவர்கள் முதலில் கேட்பது, "ஆர்கானிக் ரைஸ் என்று பொருளின் பெயரையே வைத்தால் கூகுளில் மேலே வருமா?" என்பதுதான். அதற்காக மட்டும் வராது. ஒரு காலத்தில் அது பலித்தது. 2012 செப்டம்பரில் கூகுள் அதற்கென்றே ஒரு மாற்றம் கொண்டுவந்து, தேடுசொல்லை அப்படியே பெயராக வைத்திருந்த தரமற்ற தளங்களைக் கீழே இறக்கியது. எங்களுக்கும் அந்த யோசனையைச் சொன்னார்கள். நான் தனிப்பெயர்தான், அதாவது பொருளைச் சொல்லாமல் எங்கள் கடைக்கே உரிய பெயர்தான் வேண்டும் என்று நின்றேன். இன்று எடுத்தாலும் அதையேதான் எடுப்பேன்.

எங்களிடம் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் பெயரைக் காதால் கேட்டு வருகிறவர்கள். கண்காட்சியில் வாங்கிய ஒருவர் தன் நாத்தனாரிடம் சொல்வார், அவர் போனில் தட்டிப் பார்ப்பார். அதனால் நான் வைத்த சோதனை ஒன்றே ஒன்று: போனில் ஒரு தடவை சொன்னால், எழுத்துக்கூட்டாமலே எதிரில் இருப்பவர் ஆங்கில எழுத்தில் சரியாக எழுத வேண்டும். தமிழ்ப் பெயர்கள் பல இதில்தான் தோற்கின்றன. 'நாற்று' எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. எழுதச் சொன்னால் ஒருவர் ஒரு ஏ போடுகிறார், இன்னொருவர் இரண்டு போடுகிறார். பின்பாதிக்கு ஆளுக்கொரு விதம். 'ழ' வந்தால் 'zh' போடுவதா, 'l' போடுவதா என்ற குழப்பம். கடைசியில் நெடில், இரட்டிக்கும் ஒற்று, ழகரம் மூன்றும் இல்லாத ஒரு குறுஞ்சொல்லை எடுத்தோம். (பெயரைச் சொன்னால் விளம்பரமாகிவிடும், விட்டுவிடுகிறேன்.) ஹைஃபனும் எண்ணும் அறவே வேண்டாம், "நடுவில் ஒரு கோடு" என்று சொன்னால் பாதிப் பேர் அடிக்கோடு போடுகிறார்கள்.

தனிப்பெயருக்கு ஆரம்பத்தில் ஒரு கஷ்டம் உண்டு. பெயரைத் தேடினால் கூகுள் அதை எழுத்துப்பிழை என்று நினைத்து வேறு எதையோ காட்டியது. மாதங்கள் ஆக ஆக, மக்கள் பெயர் சொல்லித் தேடத் தேட, அது சரியாகிவிட்டது. இப்போது எந்தத் தேடலில் யார் வருகிறார்கள் என்று காட்டும் கூகுளின் சர்ச் கன்சோலில் பார்த்தால், எங்கள் பெயரைத் தட்டி வருகிறவர்களே நிலையாக வருகிறார்கள். 'கருப்புக் கவுனி கஞ்சி செய்வது எப்படி' என்று தேடி வருகிறவர்களைக் கொண்டுவருவது அந்தப் பக்கத்தில் நாங்கள் எழுதிய விஷயம். அதில் டொமைனுக்குப் பெரிய பங்கில்லை.

2022 அக்டோபரில் இருந்து கூகுள் மொபைல் தேடலில் தளத்தின் பெயரைத் தனியாகக் காட்டுகிறது. முகப்புப் பக்கத்தின் ஸ்கீமா குறிப்பில் (தேடுபொறி படிப்பதற்காகப் பக்கத்தின் நிரலில் சேர்க்கும் விவரம்) பெயரையும் அதன் மாற்று வடிவங்களையும் கொடுக்கலாம். கட்டாயம் செய்யுங்கள், இலவசம்தான்.

டாட் காமா, டாட் இன்னா? நாங்கள் அனுப்புவது இந்தியாவுக்குள் மட்டும், அதனால் டாட் இன். கூகுள் அதை இந்தியாவுக்கான தளம் என்றே எடுத்துக்கொள்கிறது. எங்களுக்கு அது வசதி. வெளிநாட்டுக்கும் விற்கிறவர்களுக்கு டாட் காம்தான் நல்லது. டாட் இந்தியா என்று முழுக்கத் தமிழிலேயே முகவரி எடுக்கலாம். ஆசையாக அதையும் வாங்கி, முதன்மைத் தளத்துக்குத் திருப்பிவிட்டிருக்கிறேன். பேனரில் அச்சிட்டால் கண்ணுக்கு நிறைவாக இருக்கிறது. ஆனால் காப்பி செய்து ஒட்டும்போது சில இடங்களில் எக்ஸ்என் என்று தொடங்கும் புரியாத எழுத்துச்சரமாக மாறுகிறது. பார்த்தவர்கள் மோசடி லிங்க் என்று பயப்படுகிறார்கள். தமிழ் முகவரி இன்னும் நன்றாக வேலை செய்ய வேண்டும் என்பது என் பெரிய ஆசை. இன்றைக்குத் துணைக்குத்தான் அது ஆகும்.

அப்புறம் பணம். முதல் வருட விலையைப் பார்த்து வாங்காதீர்கள். புதுப்பிக்கும் விலை தனியாகப் போட்டிருக்கும், பல இடங்களில் அதிகமாகவே இருக்கும். அதைவிட முக்கியம், டொமைன் உங்கள் பெயரிலும் உங்கள் மின்னஞ்சலிலும் பதிவாகியிருக்க வேண்டும். தெரிந்த ஒருவரின் கடைக்குத் தளம் செய்து கொடுத்தவர் டொமைனைத் தன் கணக்கிலேயே வைத்திருந்தார். பிறகு அவர் போனை எடுக்கவே இல்லை. கடை வேறு பெயருக்கு மாற வேண்டியதாயிற்று, பைகளில் அச்சிட்டது எல்லாம் வீண். பழைய முகவரி கையில் இருந்திருந்தால் 301 திருப்பம் (பழைய முகவரிக்கு வருகிறவர்களைப் புதியதற்கு நிரந்தரமாக அனுப்பும் ஏற்பாடு) போட்டுத் தேடலில் சேர்த்த மதிப்பையாவது காப்பாற்றியிருக்கலாம், அதற்கும் வழியில்லை.

டாட் இன்-ஐ ஒரே தடவையில் பத்து வருடம் வரை பதியலாம். பையிலும் முத்திரையிலும் பெயர் ஏறிவிட்டதால், நாங்கள் சில வருடங்களுக்குச் சேர்த்தே கட்டிவிடுகிறோம். தானாகப் புதுப்பிக்கும் வசதியும் போட்டிருக்கிறோம். அதோடு இணைத்திருக்கும் கார்டு காலாவதியாகும் மாதத்தை, எங்கள் கணக்கு வழக்கைப் பார்க்கும் தம்பி தன் நாள்காட்டியில் குறித்து வைத்திருக்கிறான்.