லயன்ஸ் மேன் பவுடரில் ஒரு சொட்டு அயோடின்

எங்கள் வாக்கிங் கூட்டத்தில் இப்போது லயன்ஸ் மேன் காளான்தான் பேச்சு. மறதிக்கு நல்லதாம். பள்ளியில் வேதியியல் நடத்தியவள் என்பதால் இரண்டு டப்பாக்களை என்னிடம் கொடுத்து, "எது டீச்சர் நல்லது?" என்று கேட்டார்கள்.

ஒன்று இறக்குமதி கேப்சூல். முன்பக்கம் தாடி மாதிரி தொங்கும் வெள்ளைக் காளான் படம். பின்பக்கம் பொடி எழுத்தில், பழுப்பரிசியில் வளர்த்த மைசீலியம் என்று போட்டிருக்கிறது. காளானுக்கு அடியில் ஓடும் இழைதான் மைசீலியம். தானியத்தில் வளர்த்தால் அதைத் தனியாகப் பிரிப்பது கஷ்டம், அதனால் அரிசியோடு சேர்த்தே காயவைத்து அரைத்துவிடுகிறார்கள். இன்னொன்று பவுடர். முழுக் காளானிலிருந்து எடுத்தது, பீட்டா குளுக்கன் (காளானின் செல்சுவரில் இருக்கும் நார்ச்சத்து) 25% என்று லேபிள் சொல்கிறது.

கேப்சூலைப் பிரித்துக் கொட்டினால் சத்துமாவு வாசனை. இரண்டையும் தனித்தனியே வெந்நீரில் கலக்கி, நன்றாக ஆறவிட்டு (சூட்டில் நிறம் வராது) ஆளுக்கொரு சொட்டு அயோடின் விட்டேன். கேப்சூல் தண்ணீர் அப்படியே பேனா மை. பவுடர் தண்ணீர் பழுப்பாகவே நின்றது. ஸ்டார்ச் இருந்தால் அயோடின் கருநீலமாகும். காளானில் ஸ்டார்ச் கிடையாது, அது சேர்த்துவைப்பது கிளைகோஜன். ஆக, அந்த நீலம் அரிசியுடையது.

இதனால்தான் 'பாலிசாக்கரைடு 50%' என்ற விளம்பரத்தை நான் மதிப்பதில்லை. பாலிசாக்கரைடு என்றால் சர்க்கரை மூலக்கூறுகள் கோத்த நீளச் சங்கிலி. ஸ்டார்ச்சும் அதுதானே! பீட்டா குளுக்கன் எவ்வளவு என்று தனியாகப் போட்டிருக்க வேண்டும். அதேசமயம், நீலம் வராவிட்டால் சுத்தமான சரக்கு என்றும் சொல்லிவிட முடியாது. மால்டோடெக்ஸ்ட்ரின் (ஸ்டார்ச்சைச் சிறு துண்டுகளாக உடைத்துச் செய்யும் மலிவான மாவு) கலந்திருந்தால் இந்தச் சோதனையில் பெரும்பாலும் மாட்டாது.

சரி, மறதி போகுமா? 2009-இல் ஜப்பானில் லேசான நினைவாற்றல் குறைவு இருந்த, 50 முதல் 80 வயதுக்காரர்கள் சுமார் 30 பேரை வைத்து ஓர் ஆய்வு வந்தது. பாதிப் பேருக்குக் காளான் பொடி மாத்திரை, தினம் 3 கிராம், 16 வாரம். மதிப்பெண் கூடியது, நிறுத்தியதும் இறங்கியது. 30 பேர் என்பது ரொம்பச் சின்னக் கூட்டம். அந்த 3 கிராம் கணக்குக்கு 500 மில்லிகிராம் கேப்சூல் நாளைக்கு ஆறு விழுங்க வேண்டும். டப்பாவில் சிபாரிசு செய்திருப்பது இரண்டு!

வாங்கத்தான் வேண்டும் என்பவர்களுக்கு என் ஓட்டு பவுடருக்கு. விலை கூடுதல்தான், ஆனால் காளானுக்குக் கொடுக்கிற காசு. அரிசி ரேஷனிலேயே கிடைக்கிறது.

அப்புறம், இதே ஜோரில் ரெய்ஷி, சாகா என்று வேறு காளான்களைத் தேடிக் கிளம்புகிறவர்களுக்கு: சாகாவில் ஆக்ஸலேட் அதிகம், கிட்னியில் கல் இருப்பவர்கள் தொட வேண்டாம். ரெய்ஷி ரத்தம் உறைவதைக் குறைக்கக்கூடியது. எங்கள் வீட்டுக்காரர் ஏற்கெனவே ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர். இருதய டாக்டரைக் கேட்காமல் அந்த டப்பா வீட்டுக்குள் வரக்கூடாது என்று சொல்லிவிட்டேன்.