டெல்டா வயல்களில் மெர்லின் செயலி: நெடுநாள் பயன்பாட்டில் தெரிந்தவை

பறவையின் குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும் வசதி, கார்னெல் பறவையியல் ஆய்வகத்தின் மெர்லின் செயலியில் 2021இல் வந்தது. இலவசம். நம் பகுதிக்கான பறவைத் தொகுப்பை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொண்டால் சிக்னல் இல்லாத வயல்வெளியிலும் ஓடும். பல பருவங்கள் பயன்படுத்திய பிறகு உறுதியாகச் சொல்லலாம்: அது காட்டும் பெயரைவிட, குரலைக் கோடுகளாக வரைந்து காட்டியபடி திரையில் நகரும் ஒலிப்படம்தான் நம் காதைப் பழக்குகிறது.

ஒலிப்படத்தில் கீச்சுக்குரல் மேலே விழும், கட்டைக்குரல் கீழே. பம்புசெட்டும் டிராக்டரும் அடியில் பட்டையாகப் படியும். செம்போத்தின் 'ஊப் ஊப்' அதே அடியில்தான் விழுகிறது. அதனால் பக்கத்தில் மோட்டார் ஓடினால், காதுக்கு நன்றாகக் கேட்கிற செம்போத்து பட்டியலில் வராமல் போகலாம். கீச்சுக்குரல் தையல்சிட்டுக்கு இந்தச் சிக்கல் குறைவு. ஐப்பசி, கார்த்திகையில் தவளைச் சத்தம் வேறு. விடிந்து தவளை அடங்கியதும், மோட்டார்கள் ஓடத் தொடங்குமுன் பதிவு செய்வது நல்லது.

நின்ற இடத்தில் ஒரு நிமிடம் பதிந்தால் போதும். பெரும்பாலான போன்களில் மைக் அடிப்பக்கம் இருக்கும். அதை உள்ளங்கையால் மூடாமல் பறவை இருக்கும் பக்கம் திருப்புங்கள். காற்றுக்கு முதுகு காட்டி நில்லுங்கள். இருப்பிட அனுமதியைக் கொடுத்துவிடுங்கள், இல்லையென்றால் இங்கே வராத பறவையெல்லாம் பட்டியலில் ஏறும்.

பெரிய ஏமாற்று கரிச்சானிடம். வல்லூறின் குரலை அச்சாக எடுத்துக் கத்தும். செயலி 'வல்லூறு' என்று காட்டினால் உடனே குறித்துக்கொள்ள வேண்டாம். பெயரைத் தொட்டால் பதிவில் அந்த இடத்துக்கே போகும். அதற்கு முன்னும் பின்னும் கரகரப்பான கரிச்சான் குரல் ஒட்டியிருக்கிறதா என்று கேளுங்கள். கரிச்சான் உட்கார்ந்திருக்கிறதா என்று மின்கம்பியையும் ஒருமுறை பாருங்கள்.

கதிர்க்குருவிகளில் சாம்பல் நிறத்தது பறக்கும்போது பொறி தெறிப்பதுபோலப் 'பட் பட்' என்று ஒலி எழுப்பும். சாதாக் கதிர்க்குருவியின் பாட்டு பூச்சி இரைவதுபோல நீளும். இந்த இரண்டையும் காதால் பிரிக்கப் பழகிவிட்டால் வரப்போரத்தில் பாதிக் குழப்பம் தீர்ந்தது. குயிலில் பெண்ணின் 'கிக்-கிக்-கிக்' ஆணின் கூவலோடு துளியும் ஒட்டாது. இரண்டையும் தனித்தனியாகக் கேட்டு மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

வடுவூர், உதயமார்த்தாண்டபுரம் பறவைகள் சரணாலய ஏரிகளில் செயலியை அதிகம் நம்பிப் போகாதீர்கள். நத்தைகுத்தி நாரை வாயால் கத்துவதைவிட அலகைத் தட்டுவதுதான் அதிகம். அங்கே பைனாகுலர்தான் உதவும்.

செயலியில் உள்ள மாதிரிக் குரலைக் களத்தில் சத்தமாக ஒலிக்கவிடாதீர்கள். எதிரி வந்துவிட்டதென்று பறவை கூட்டை விட்டு வந்து அலைக்கழியும். ஹெட்போனில் கேளுங்கள்.