டிரையத்லான் பயிற்சியில் ஜிபிஎஸ் கடிகாரம்: நான்கு ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

2021 இறுதியில் வாங்கிய ஜிபிஎஸ் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டுதான் இன்றும் பயிற்சி செய்கிறேன். கோவாவில் நடக்கும் அயர்ன்மேன் 70.3 என்னும் டிரையத்லான் போட்டியை, அதாவது 1.9 கி.மீ. கடல் நீச்சல், 90 கி.மீ. சைக்கிள், 21.1 கி.மீ. ஓட்டம் ஆகிய மூன்றையும் இடைவெளியின்றி, 2022இல் ஒரு முறையும் 2023இல் ஒரு முறையும் முடித்தேன். இரண்டு முறையும் கையில் இருந்தது இதே கடிகாரம். திரையில் எந்த எண்ணைப் பார்த்து ஓட்டினேன் என்பதில்தான் வேறுபாடு. அதைப் பற்றியே இங்கு அதிகம் எழுத விரும்புகிறேன்.

திருவான்மியூரிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் போய்த் திரும்பினால் ஏறத்தாழ 90 கி.மீ. ஆகும் என்பதால், எங்கள் நீண்ட சைக்கிள் பயிற்சிகள் பெரும்பாலும் அந்தச் சாலையில்தான் நடக்கின்றன. மார்கழியில் வாடைக் காற்று முதுகில் தள்ளும்போது மணிக்கு 33 கி.மீ. எளிதாக வரும்; திரும்பும் வழியில் அதே கால்கள் 25ஐத் தொடவே திணறும். வேகத்தைத் திரையில் பெரிதாக வைத்திருந்த நாட்களில், எதிர்காற்றிலும் 30க்குக் கீழே இறங்கக் கூடாது என்று மிதித்து, முட்டுக்காடு பாலம் வருவதற்குள் தொடைகள் இறுகிப்போய்விடும். காற்றுத் தடையை வெல்லத் தேவைப்படும் திறன் வேகத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடுகிறது என்பதால், காற்றை எதிர்த்து மணிக்கு இரண்டு கி.மீ. கூட்டப் பார்ப்பது, கிடைக்கும் சில நிமிடங்களுக்காக ஓட்டத்துக்கு வேண்டிய கால்களைச் செலவழிப்பதாகும்.

2022இல் இதைத்தான் செய்தேன். சைக்கிளை 2 மணி 54 நிமிடத்தில் முடித்துவிட்டு, ஓட்டத்தில் ஒன்பதாவது கிலோமீட்டரிலிருந்து பாதி நடையும் பாதி ஓட்டமுமாக 2 மணி 47 நிமிடம் எடுத்துக்கொண்டேன். அடுத்த ஆண்டு சைக்கிள் திரையிலிருந்து வேகத்தை முற்றிலும் நீக்கி, இதயத் துடிப்பையும் கடந்த நேரத்தையும் மட்டும் வைத்தேன். அதிகபட்ச இதயத் துடிப்பு எவ்வளவு என்பதற்கு, 220இலிருந்து வயதைக் கழிக்கும் கணக்கைக் கடிகாரம் தானாகவே போட்டுக்கொள்ளும். அது பலருக்குப் பொருந்துவதில்லை. அதற்குப் பதிலாக 30 நிமிடம் முழு முயற்சியில் ஓடி, கடைசி 20 நிமிடங்களின் சராசரித் துடிப்பை எடுத்தேன். ஓட்டத்தில் எனக்கு 166 வந்தது. சைக்கிளில் அதைவிடச் சற்றுக் குறைவாகவே வரும் என்பதால் போட்டியில் 142ஐத் தாண்டுவதில்லை என்று முடிவு செய்தேன். சைக்கிளுக்கு 3 மணி 5 நிமிடம் ஆனது; ஓட்டம் 2 மணி 21 நிமிடத்தில் முடிந்தது. சைக்கிளில் விட்டுக்கொடுத்த 11 நிமிடங்கள் ஓட்டத்தில் 26 நிமிடங்களாகத் திரும்பி வந்தன.

இந்த முறைக்கு, துடிப்பை அளக்க மார்பில் கட்டிக்கொள்ளும் பட்டை கட்டாயம் வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கடிகாரத்தின் அடிப்பக்கத்தில் ஒளிரும் பச்சை விளக்கு, தோலுக்கடியில் ஓடும் ரத்தத்தின் அளவு மாறுவதைக் கொண்டு துடிப்பைக் கணிக்கிறது. ஓடும்போது கை சீராக வீசப்படுவதால், சில வேளைகளில் துடிப்புக்குப் பதிலாக அடி எண்ணிக்கையையே அது பிடித்துக்கொள்கிறது. ஒரு நாள் பெசன்ட் நகர் கடற்கரையில் பேசிக்கொண்டே மெதுவாக ஓடியபோது கடிகாரம் 172 என்றது. நிமிடத்துக்கு எத்தனை அடி என்று பார்த்தேன், அதுவும் 172. அன்றிலிருந்து மணிக்கட்டுக் கணக்கை உறக்கத்துக்கும் ஓய்வு நேரத் துடிப்புக்கும் மட்டுமே எடுத்துக்கொள்கிறேன்.

ஓட்டத்தில் பேஸ், அதாவது ஒரு கிலோமீட்டருக்கு ஆகும் நேரம், விஷயத்திலும் இதே கவனம் தேவை. மேம்பாலத்துக்கு அடியிலோ அடர்ந்த மரங்களுக்கு நடுவிலோ உடனடி பேஸ் 5:40இலிருந்து 7:10க்குத் தாவும், நம் கால்கள் மாறவே இல்லை என்றாலும். ஒவ்வொரு கிலோமீட்டரின் சராசரியைக் காட்டும் லேப் பேஸ் அவ்வாறு தாவுவதில்லை. சைக்கிளை விட்டு இறங்கியதும் ஓட்டம் மிக மெதுவாக இருப்பதுபோல் தோன்றும். அந்த உணர்வை நம்பி 2022இல் முதல் கிலோமீட்டரை 5:50இல் ஓடினேன். 2023இல் லேப் பேஸ் 6:50ஐக் காட்டும்வரை வேண்டுமென்றே காலைப் பிடித்து வைத்தேன். எனக்கு இந்தக் கடிகாரம் செய்த ஆகப் பெரிய உதவி அந்த முதல் மூன்று கிலோமீட்டர்களில்தான்.

நீச்சலில் அதன் உதவி குறைவு. ஜிபிஎஸ் அலை தண்ணீருக்குள் புகாது. கை வெளியே வரும் ஒரு நொடியில் கிடைப்பதைக் கொண்டு கோடு போடுவதால், கடலில் 1.9 கி.மீ. நீந்தினால் 2.1 கி.மீ. என்று காட்டியிருக்கிறது. அந்தக் கூடுதலில் ஒரு பகுதி நான் உண்மையிலேயே வளைந்து நீந்தியது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆறு கைவீச்சுக்கு ஒரு முறை தலையைத் தூக்கி மிதவையைப் பார்க்கத் தொடங்கிய பிறகு அந்த வித்தியாசம் பாதியாகக் குறைந்தது. குளத்தில் ஜிபிஎஸ் தேவையில்லை. சுவரை உதைத்துத் திரும்பும் அசைவை உணர்ந்து 25 மீட்டர் என்று கடிகாரம் கணக்கிட்டுக்கொள்கிறது. நடுவில் கண்ணாடியைச் சரிசெய்ய நின்றால் அதையும் ஒரு சுற்றாக எண்ணிவிடும்.

சித்திரை, வைகாசி மாதங்களில் கடிகாரம் தரும் மதிப்பீடுகளைக் கண்டு யாரும் மனம் தளர வேண்டாம். வெயிலிலும் புழுக்கத்திலும் உடல், தோலைக் குளிர்விக்கக் கூடுதல் ரத்தத்தை அனுப்புவதால், அதே பேஸில் துடிப்பு பத்துப் பன்னிரண்டு வரை எனக்குக் கூடிவிடுகிறது. என் கடிகாரம் அதைத் திறன் குறைந்ததாகவே படித்து, பயிற்சி பயனற்றது என்று வாரக்கணக்கில் எழுதும். ஐப்பசி மழை தொடங்கியதும் அந்தத் திறன் மதிப்பீடு தானாகவே ஏறிவிடும்.

வாங்க நினைப்பவர்களுக்கு நான் வற்புறுத்திச் சொல்வது பொத்தான்களைத்தான். ஈரக் கையால் தொடுதிரையைச் சரியாக இயக்க முடியாது. கோவளத்துப் பயிற்சி ஒன்றில் நீரிலிருந்து ஓடிவந்த பதற்றத்தில் ஒரு பகுதி முடிந்து அடுத்தது தொடங்குவதைக் குறிக்கும் லேப் பொத்தானை இரண்டு முறை அழுத்திவிட்டேன். உடை மாற்றும் நேரம் சைக்கிளாகவும், சைக்கிள் அடுத்த இடைவேளையாகவும் பதிவாயின. பொத்தானை ஒரு முறை அழுத்தி, அதிர்வை உணர்ந்த பிறகே கையை எடுப்பது இப்போது பழக்கமாகிவிட்டது.

கடலில் இறங்கிய ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் கழுவி, மின்னேற்றும் முனைகளைத் துணியால் துடைத்து உலரவிட்டுத்தான் மின்னேற்றுகிறேன். முதல் ஆண்டில் இதைச் செய்யாததால் முனையில் பச்சை படிந்துவிட்டது. ரப்பர் பட்டையை இரண்டு முறை மாற்றினேன். தொடக்கத்தில் ஜிபிஎஸ் ஓடிக்கொண்டிருக்க 20 மணி நேரம் தாங்கிய மின்கலம் இப்போது 13 மணி நேரம் தாங்குகிறது. 70.3 போட்டிக்கு அது தாராளம். அடுத்து 3.8 கி.மீ., 180 கி.மீ., 42.2 கி.மீ. கொண்ட முழு அயர்ன்மேனுக்குத் தயாராகிறேன். அதற்கு 14 மணி நேரமாவது எனக்குத் தேவைப்படும் என்பதால், பதிவுக் கட்டணம் கட்டும் முன் மின்கலத்தை மாற்றக் கொடுத்திருக்கிறேன்.